சேலையின் நிறத்தை மாற்றச் சொன்னால்: லேயர் பிரித்துத் தீட்டுவது எப்படி?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மழை ஓய்ந்த மாலையில் டீக்கடை பெஞ்சில் ஒரு பாட்டி அமர்ந்திருக்கும் காட்சியை மையால் வரைந்து, ஸ்கேன் செய்து, கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வண்ணம் தீட்டியிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே லேயரில், அதாவது கண்ணாடித் தாள்போன்ற ஒரே அடுக்கில். படத்தைக் கேட்டவர் சிவப்புச் சேலையைப் பச்சையாக்கித் தரச் சொன்னதும் பாதிப் படத்தை மறுபடி தீட்ட வேண்டியதாகிவிட்டது. அடுத்த படத்தில் பொட்டுக்கு ஒரு லேயர், வளையலுக்கு ஒரு லேயர் என்று பிரித்துக்கொண்டே போய் நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள். எதில் தீட்டுகிறோம் என்பதே தெரியாமல் போய்விட்டது. சில நேரம் தூரிகை ஓடியும் ஒன்றும் விழவில்லை, மடிக்கணினியும் திணறியது. 'எத்தனை லேயர் சரி, எப்படிப் பிரிப்பது' என்று கேட்கிறீர்கள்.

எண்ணிக்கையில் விடை இல்லை. படத்தில் இருக்கும் பொருள்களை எண்ணி லேயர் போடாதீர்கள். பின்னால் எது தனியாக மாறக்கூடும் என்று யோசித்துப் போடுங்கள். பாட்டியின் வளையல் மட்டும் தனியாக மாறப்போவதில்லை என்றால் அதற்குத் தனி லேயர் வீண். சேலையின் நிறம் மாறக்கூடும் என்றால் அதற்குத் தனி இடம் தேவை. சேலைக்கு மட்டும் அல்ல, அந்தச் சிவப்பு படத்தில் எங்கெங்கே போய் விழுந்திருக்கிறதோ அத்தனைக்கும் சேர்த்து. இந்தக் கடைசி வாக்கியம்தான் பலருக்கும் நழுவிப்போகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் லேயர் என்பது என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். அது புரிந்துவிட்டால் நீங்கள் படும் தொல்லைகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

கணினிக்கு வெகுகாலம் முன்பே இந்த எண்ணம் இருந்தது. தொடக்ககால அசைபடக்காரர்கள் (அனிமேஷன் கலைஞர்கள்) ஒவ்வொரு சட்டத்துக்கும் (ஃப்ரேமுக்கும்) பின்னணியையும் சேர்த்துத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். 1914-இல் அமெரிக்காவில் ஏர்ல் ஹர்ட் என்பவர், அசையும் உருவத்தைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் வரைந்து, மாறாத பின்னணியின் மேல் வைத்துப் படம் பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மாறுவது ஒரு தாளில், மாறாதது வேறு தாளில். நான் மேலே சொன்ன விதி அங்கேயே இருக்கிறது. அச்சகத்திலும் இதேபோன்ற ஒரு வழக்கம் இருந்தது. இரு வண்ணப் படம் என்றால் கோட்டோவியம் அட்டையில் இருக்கும். அதன்மேல் ஒளி ஊடுருவும் தாள் ஒன்றை ஓரத்தில் ஒட்டி, இரண்டாவது நிறம் விழ வேண்டிய இடங்களை அந்தத் தாளில் நிரப்புவார்கள். இரண்டும் விலகாமல் பொருந்த மூலைகளில் குறுக்குக்கோட்டு அடையாளம் இடுவார்கள். லேயர் என்றதும் எனக்கு இன்றும் அந்த ஒட்டுத்தாள்தான் நினைவுக்கு வருகிறது.

கணினியில் அந்தத் தாளைக் கண்ணாடி ஆக்குவது ஓர் எண். படத்தின் மிகச்சிறு புள்ளியான ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஆல்ஃபா என்ற எண்ணும் உண்டு. 0 என்றால் அந்த இடம் வெறும் கண்ணாடி. 255 என்றால் கீழே இருப்பது துளியும் தெரியாது. இந்த எண்ணத்தை 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் காட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் உருவாக்கினார்கள். 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் கணக்கை முழுமையாக எழுதி வெளியிட்டார்கள். கணக்கு எளிமையானது. மேல் லேயரில் சிவப்பின் அளவு 200, கீழே 100, மேல் லேயரின் ஆல்ஃபா சரிபாதி என்றால் கண்ணுக்குத் தெரிவது 150. அவ்வளவுதான். நீங்கள் ஒவ்வொரு முறை தூரிகையை இழுக்கும்போதும் இந்தக் கணக்கு இலட்சக்கணக்கான பிக்சல்களில் நடக்கிறது. அடோபி ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-இல், மூன்றாம் பதிப்பில். அதற்கு முன் ஒட்டிய துண்டின் தேர்வை (செலக்‌ஷனை) நீக்கிவிட்டால் அது படத்தோடு கலந்துவிடும், பிரித்தெடுக்க வழியில்லை.

இந்த நான்காவது எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'வெள்ளை' வேறு, 'ஒன்றுமில்லை' வேறு. திரையில் வெள்ளைத் தாளின் மேல் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் வெள்ளையால் அழிப்பதும் அழிப்பானால் அழிப்பதும் முற்றிலும் வேறான செயல்கள். ஜிம்ப் என்ற மற்றொரு பட மென்பொருளில் ஒரு ஜேபெக் கோப்பைத் திறந்து அழிப்பானை ஓட்டினால் பின்னணி நிறம் பூசப்படுகிறதே என்று பலர் குழம்புவார்கள். ஜேபெக்கில் ஆல்ஃபா கிடையாது. ஆல்ஃபா இல்லாத லேயரில் 'ஒன்றுமில்லை' என்று எழுத இடமே இல்லை. லேயர் மெனுவில் ஆல்ஃபா சேனலைச் சேர்த்தபின் அதே அழிப்பான் ஒழுங்காக வேலை செய்யும்.

இனி உங்கள் படத்துக்கு வருவோம்.

ஸ்கேன் செய்த மைக்கோடு வெள்ளைத் தாளோடு சேர்ந்துதான் கணினிக்குள் வருகிறது. அதைத் தூக்கி மேலே வைத்தால் கீழே எது தீட்டினாலும் மறைந்துவிடும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, கோட்டு லேயரின் கலப்பு முறையை, அதாவது அது கீழே உள்ளதோடு சேரும் விதத்தை, மல்டிப்ளை ஆக்குவது. மல்டிப்ளை என்பது பெயரில் இருப்பதுபோல் பெருக்கல்தான்: மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் பெருக்கி 255-ஆல் வகுக்கும். வெள்ளை 255 என்பதால் எதைப் பெருக்கினாலும் அதுவே திரும்ப வரும், வெள்ளை மறைந்துவிடும். கறுப்பு 0 என்பதால் எதைப் பெருக்கினாலும் கறுப்பு. கோடு மட்டும் நிற்கும். இரண்டாவது வழி, 'நிறத்தை ஆல்ஃபாவாக்கு' என்ற வடிகட்டி. கிரிட்டாவிலும் ஜிம்ப்பிலும் உண்டு. வெள்ளையைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால் தாள் கண்ணாடியாகி, கோடு தனியே நிற்கும். இடைப்பட்ட சாம்பல் பிக்சல்கள் பாதி ஊடுருவும் கறுப்பாக மாறிவிடும்.

நான் எப்போதும் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். கோடு உண்மையாகவே பிரிந்து வந்துவிட்டால் பிறகு அந்தக் கோட்டின் நிறத்தை மாற்றலாம். பாட்டியின் முகச் சுருக்கங்களைக் கறுப்பிலிருந்து கருஞ்சிவப்புப் பழுப்புக்கு மாற்றிப் பாருங்கள், முகம் எவ்வளவு உயிர் பெறுகிறது என்று. ஆல்ஃபா பூட்டைப் போட்டுவிட்டு அகலமான தூரிகையால் தடவினால் போதும். இந்தப் பூட்டு செய்வது ஒன்றுதான்: நான்காவது எண்ணை மாறவிடாது. ஏற்கனவே மை இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஒட்டும். கண்ணாடியாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. ஸ்கேன் செய்யும்போதே வெளிச்சம், இருட்டு மட்டங்களைச் சரிசெய்து தாளின் வெள்ளையை முழு வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தாளின் மங்கலான சாம்பல் முழுதும் மெல்லிய அழுக்குப் படலம்போலக் கோட்டு லேயரில் தங்கிவிடும்.

அடுத்தது அடிநிறம். நாற்பது லேயர் பிறந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் மற்றவை எளிது.

சித்திரக்கதைகளுக்கு வண்ணமிடுகிறவர்கள் கையாளும் வழி இது. கோட்டு லேயருக்குக் கீழே ஒரே ஒரு லேயர் போடுங்கள். அதில் ஒவ்வொரு பகுதியையும் ஒரு தட்டை நிறத்தால் நிரப்புங்கள்: தோல் ஒரு நிறம், சேலை ஒன்று, பெஞ்சு ஒன்று, பாய்லர் ஒன்று, கண்ணாடித் தம்ளர் ஒன்று. நிழல் வேண்டாம், ஒளி வேண்டாம், ஏற்ற இறக்கம் எதுவும் வேண்டாம். முக்கியமாக, ஓரத்தை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு நிரப்புங்கள். ஓரங்கள் படிக்கட்டுபோலத் தெரியும். பரவாயில்லை, மைக்கோடு அதன்மேல் உட்கார்ந்து மறைத்துவிடும். இப்படிச் செய்தால் அந்த லேயரில் சேலையின் எல்லாப் பிக்சலும் துல்லியமாக ஒரே எண்ணில் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் அந்த நிறத்தைத் தொட்டு 'இதே நிறம் முழுவதும்' என்று தேர்ந்தெடுத்தால், ஒரு பிக்சல் விடுபடாமல், ஒரு பிக்சல் கூடாமல், சேலை மட்டும் பிடிபடும். அதாவது, நாற்பது லேயர் செய்ய வேண்டிய வேலையை நாற்பது நிறங்கள் கொண்ட ஒரே லேயர் செய்துவிடுகிறது. பிரிவினை நிறத்தில் இருக்கிறது. லேயரில் இருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு பகுதிகள் படத்தில் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்றாலும் இங்கே ஓர் எண்ணாவது மாற்றி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும்.

இந்த லேயரில் தீட்டாதீர்கள். அதைப் பிரதியெடுத்து, பிரதியில் தீட்டுங்கள். மூலத்தின் கண் குறியை அணைத்து மறைத்துவைத்துப் பூட்டிவிடுங்கள். அது உங்கள் சாவிக்கொத்து.

நிரப்பும்போது இரண்டு சிக்கல் வரும். முதலாவது, கோடு வேறு லேயரில், நிறம் வேறு லேயரில் இருப்பதால் நிரப்பு கருவி கோட்டைப் பார்க்காமல் மொத்தத் தாளையும் நிரப்பிவிடும். கருவியின் அமைப்பில் 'எல்லா லேயர்களையும் பார்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிரிட்டாவில் குறிப்பிட்ட வண்ண அடையாளம் இட்ட லேயர்களை மட்டும் பார்க்கச் சொல்லும் வசதியும் இருக்கிறது. கோட்டு லேயருக்கு மட்டும் ஓர் அடையாளம் கொடுத்து அதை மட்டும் பார்க்கச் சொன்னால் மற்றவை குறுக்கிடாது. இரண்டாவது, நிறத்துக்கும் கோட்டுக்கும் நடுவே நூல் அளவுக்கு வெள்ளை விளிம்பு நின்றுவிடும். கோட்டின் ஓரம் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாகத்தான் மாறுகிறது. கருவி நடுவழியில் நின்றுவிடுகிறது. தேர்வை இரண்டு பிக்சல் வளர்க்கச் சொல்லும் அமைப்பு அதே கருவியில் இருக்கிறது. நிறம் கோட்டுக்கு அடியில் நுழைந்துவிடும், விளிம்பு போய்விடும். கோட்டில் இடைவெளி இருந்து நிறம் வழிந்தால், தற்காலிகமாக ஒரு லேயர் போட்டு அந்த வாயை அடைத்துக் கோடு இழுங்கள், நிரப்பியபின் அந்த லேயரை நீக்கிவிடுங்கள்.

நிழல்.

நிழலைத் தனி லேயரில், மல்டிப்ளையில் போடச் சொல்வதற்குக் காரணம் வசதி மட்டும் அல்ல. சேலையின் அடிநிறம் சிவப்பு 200, பச்சை 40, நீலம் 50 என்று வையுங்கள். அதன்மேல் 150, 150, 190 என்ற மங்கிய நீல ஊதாவை மல்டிப்ளையில் தீட்டுகிறீர்கள். பெருக்கி வகுத்தால் நிழல் 118, 24, 37 என்று வரும். அடர்ந்த மாதுளைச் சிவப்பு. இப்போது படத்தைக் கேட்டவர் பச்சைச் சேலை கேட்கிறார். அடிநிறத்தை மட்டும் 40, 140, 70 என்று மாற்றுகிறீர்கள். நிழல் லேயரைத் தொடவே இல்லை. அது தானாக 24, 82, 52 ஆகிவிடும். பச்சைக்கு ஏற்ற நிழல். மடிப்புகளும் கொசுவமும் அப்படியே நிற்கும். ஒரே லேயரில் நீங்கள் கையால் கலந்து தீட்டிய நிழல் சிவப்பின் நிழலாகவே உறைந்துபோயிருந்தது. அதனால்தான் அன்று மறுபடி தீட்ட வேண்டிவந்தது.

கறுப்பையோ சாம்பலையோ மல்டிப்ளையில் போடாதீர்கள். எல்லா நிறத்தையும் ஒரே அளவில் இருட்டாக்கும். படம் புகை படிந்த சுவர்போல ஆகிவிடும். மழை ஓய்ந்த மாலை என்கிறீர்கள். வானத்தின் நீலம் நிழலுக்குள் இறங்கியிருக்கும் நேரம் அது. நீல ஊதா பொருத்தம். படம் முழுவதுக்கும் ஒரே நிழல் நிறம் வைத்தால் பாட்டியும் பெஞ்சும் சுவரும் ஒரே வெளிச்சத்தில் இருப்பது தெரியும்.

நிழல் சேலையைத் தாண்டி வழியாமல் இருக்க ஃபோட்டோஷாப்பில் கிளிப்பிங் மாஸ்க் போடுவார்கள். கிரிட்டாவில் அதற்கு இணையாக 'ஆல்ஃபாவைப் பின்பற்று' என்ற சிறு பொத்தான் லேயர் பட்டியலில் இருக்கிறது. 'அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை' என்று புதியவர்கள் எல்லாரும் சொல்லும் இடம் இதுதான். ஃபோட்டோஷாப்பில் கிளிப்பிங், தனக்கு நேர் கீழே உள்ள அடிலேயரின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். கிரிட்டாவிலோ, அந்தக் குழுவுக்குள் கீழே இருக்கும் எல்லா லேயர்களின் ஆல்ஃபாவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அடியில் முழுதாக வெள்ளை நிரப்பிய பின்னணி லேயர் இருந்தால் படம் முழுவதுமே 'நிரம்பிய இடம்' ஆகிவிடுகிறது. வெட்டுவதற்கு எல்லையே இல்லை. தீர்வு, பாட்டியின் லேயர்களை ஒரு குழுவுக்குள் போடுவது. குழுவின் அடியில் பாட்டியின் அடிநிறம். அதன்மேல் நிழல், ஆல்ஃபாவைப் பின்பற்றும் பொத்தானோடு. பின்னணி குழுவுக்கு வெளியே. அந்தக் கணமே நிழல் பாட்டிக்குள் அடங்கிவிடும். குழுவில் 'ஊடே செல்' முறை போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அது குழுவின் சுவரையே இல்லாமல் செய்துவிடும்.

இதுவரை பிரிப்பதைப் பற்றியே சொன்னேன். எங்கே பிரிக்கக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். உங்கள் இரண்டாவது படம் ஏன் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கிறது என்றும் போகிறபோக்கில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதற்கான விடை இதில் இருக்கிறது.

உண்மையில் பொருள்களுக்கு எல்லாப் பக்கமும் கூர்மையான ஓரம் இருப்பதில்லை. பாட்டியின் நரைமுடி நெற்றியில் கரைகிறது. சேலைத் தலைப்பின் நிழலான பக்கம் பெஞ்சின் இருட்டில் கலந்துவிடுகிறது. கண் அங்கே ஓரத்தையே பார்ப்பதில்லை. முடி ஒரு லேயர், நெற்றி ஒரு லேயர், சேலை ஒரு லேயர், பெஞ்சு ஒரு லேயர் என்று இருக்கும்போது ஒவ்வொன்றும் தன் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. கலக்கும் தூரிகையை ஓட்டினாலும், அது தன் லேயரில் உள்ள நிறத்தை மட்டுமே எடுக்கும். அடுத்திருப்பது வெறும் கண்ணாடி. அதனால் ஓரம் மங்குமே தவிர இரண்டு நிறமும் கலக்காது. கலப்புத் தூரிகைகளில் கீழ் லேயர்களையும் சேர்த்து எடுக்கும் அமைப்பு உண்டுதான். ஆனால் அதைவிட நேரான வழி, அந்த இரண்டையும் ஒரே லேயராகச் சேர்த்துவிட்டு, ஒரே பரப்பில் கைபட தீட்டுவது. முகமும் முடியும் எனக்கு எப்போதும் ஒரே லேயர்தான். முடியைத் தனியே மாற்றச் சொல்வார்களோ என்ற பயம் வந்தால் அடிநிற லேயர் இருக்கவே இருக்கிறது, தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஒரே லேயரில் தீட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் படங்களில் தூரிகை வீச்சுகளுக்கு ஓர் உறுதி இருக்கிறது. திரும்பிப் போக வழியில்லை என்று தெரிந்து வைக்கிற வீச்சு அது. பயிற்சிக்காக வாரம் ஒரு சின்னப் படத்தை ஒரே லேயரில் தீட்டச் சொல்லி என்னிடம் கற்பவர்களிடம் நானே சொல்வதுண்டு. ஆனால் கேட்டு வாங்குகிறவருக்குச் செய்யும் வேலையில் மாற்றம் வந்தே தீரும். லேயரை ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய் வண்ண ஓவியர்களும் பழுப்பில் ஓர் அடிப்பூச்சு போட்டு, காயவிட்டு, அதன்மேல் ஊடுருவும் மெல்லிய பூச்சுகளை அடுக்கியிருக்கிறார்கள்.

தேநீரின் ஆவிக்கும் ஈரத்தரையின் மினுக்கத்துக்கும் தாராளமாகத் தனி லேயர் கொடுங்கள். ஆவி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கடைசி நிமிடம்வரை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். அதை அழிப்பானால் குறைக்காமல் மாஸ்க் போட்டுக் குறையுங்கள். மாஸ்க் என்பது லேயரில் எது தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு. மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி காட்டும். அழிப்பான் எடுத்தது போனதுதான். மாஸ்க் மறைத்ததை வெள்ளையால் தடவித் திரும்பக் கொண்டுவரலாம்.

'தூரிகை ஓடுகிறது, ஒன்றும் விழவில்லை' என்ற புகாருக்கு வருகிறேன். பெரும்பாலும் ஐந்தில் ஒன்றாக இருக்கும். கண் குறி அணைந்த லேயரில் தீட்டிக்கொண்டிருப்பீர்கள். அல்லது முழுதாக மறைக்கும் ஒரு லேயருக்கு அடியில் இருப்பீர்கள். அல்லது காலி லேயரில் ஆல்ஃபா பூட்டு போட்டிருப்பீர்கள். அல்லது லேயரில் அல்லாமல் அதன் மாஸ்க்கில் நிற்பீர்கள். அல்லது எங்கோ கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு தேர்வு உயிரோடு இருக்கும். ஜிம்ப்பில் ஆறாவதாக ஒன்று உண்டு. அங்கே ஒவ்வொரு லேயருக்கும் தன் சொந்த நீள அகலம் இருக்கிறது. படம் பெரியதாகவும் லேயர் சிறியதாகவும் இருந்தால், மஞ்சள் கறுப்புப் புள்ளிக்கோட்டுக்கு வெளியே தூரிகை பதியாது. லேயரைப் படத்தின் அளவுக்கு விரிக்கும் கட்டளை மெனுவில் இருக்கிறது. 2025-இல் வந்த மூன்றாம் பதிப்பில், தீட்டத் தீட்ட லேயர் தானே விரிந்துகொள்ளும் அமைப்பைத் தூரிகையிலேயே கொடுத்துவிட்டார்கள். பல ஆண்டு எரிச்சல் அதோடு தீர்ந்தது.

தவறான லேயரில் தீட்டிவிடுவது வேறு வகைத் துன்பம், ஏனென்றால் அரை மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். இதற்கு இரண்டு பழக்கம் உதவும். முதலாவது, பெயர். 'லேயர் 17' என்று விட்டுவைக்காதீர்கள். 'பாட்டி நிழல்', 'தரை மினுக்கம்' என்று தமிழிலேயே எழுதுங்கள்; கிரிட்டா ஏற்றுக்கொள்ளும். மற்றது, பட்டியலைத் தேடாமல் படத்திலிருந்தே லேயரைப் பிடிப்பது. கிரிட்டாவில் ஆர் எழுத்துச் சாவியை அழுத்திக்கொண்டு படத்தில் ஓரிடத்தைத் தொட்டால், அந்த இடத்தின் நிறம் எந்த லேயரில் இருக்கிறதோ அதற்குப் போய்விடும். பத்து நாள் பழகினால் கை தானே செய்யும்.

நினைவகத்தைப் பற்றி ஒரு சொல். ஏ4 தாள், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 2480-க்கு 3508. ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு நான்கு எண், எண்ணுக்கு ஒரு பைட். முழுதும் நிரம்பிய ஒரு லேயர் சுமார் 35 எம்.பி. நாற்பது முழு லேயர் 1.4 ஜி.பி. ஆகும், எண்ணுக்கு இரண்டு பைட் எடுக்கும் 16 பிட் ஆழத்தில் அதுவே இரட்டிப்பு. உங்கள் மடிக்கணினி திணறியதற்கு இது போதுமான காரணம். கிரிட்டா படத்தை 64-க்கு 64 பிக்சல் சதுரங்களாகப் பிரித்து, தீட்டிய சதுரங்களுக்கே இடம் ஒதுக்குகிறது. எனவே சின்ன ஆவிக்கு ஒரு லேயர் என்பது பாரமே இல்லை. தாள் முழுக்க நிரப்பிய லேயர்கள்தான் பாரம்.

சேமிப்பதில் கவனம் தேவை. ஜேபெக்காகச் சேமித்தால் லேயர் எல்லாம் ஒன்றாக நசுங்கிவிடும், ஊடுருவும் தன்மையும் போய்விடும். பிஎன்ஜி ஊடுருவலைக் காக்கும், லேயரைக் காக்காது. கிரிட்டாவில் கேஆர்ஏ, ஜிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் என்று அந்தந்த மென்பொருளின் சொந்த வடிவத்தில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்குப் பிரதி எடுத்து அனுப்புங்கள். ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டியைப் பல மென்பொருள்கள் திறக்கும். ஆனால் கலப்பு முறைகளும் மாஸ்க்குகளும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல வந்து சேரும் என்று நம்பிவிடக் கூடாது. அனுப்பும் முன் ஒரு முறை அந்தப் பக்கம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது தொடக்கத்தில் விட்டுவைத்ததற்கு வருகிறேன். உங்கள் முதல் படத்தைச் சிவப்புச் சேலையோடும் பச்சைச் சேலையோடும் பார்த்தேன். சேலையை நன்றாகவே மாற்றியிருக்கிறீர்கள். ஆனாலும் பச்சைப் படத்தில் ஏதோ பொருந்தவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாட்டியின் முகவாய்க்கு அடியில் பாருங்கள். சேலையின் சிவப்பு எதிரொளித்து அங்கே ஒரு செம்மை விழுந்திருக்கிறது; அழகாகத் தீட்டியிருந்தீர்கள். முழங்கையின் உட்பக்கத்திலும் அதே. ஈரத்தரையில் சேலையின் பிம்பம் கலங்கிய சிவப்பாக நீண்டிருக்கிறது. கண்ணாடித் தம்ளரின் விளிம்பிலும் ஒரு சிவப்புப் புள்ளி. சேலை பச்சையானபின்னும் இவை நான்கும் சிவப்பாகவே நிற்கின்றன. இல்லாத சேலையின் வெளிச்சம் பாட்டியின் முகத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் கண் இடறும்.

பொருள்களை எண்ணிப் பிரித்தால் முகவாய் தோலின் லேயரிலும், பிம்பம் தரையின் லேயரிலும், புள்ளி தம்ளரின் லேயரிலும் போய்ச் சேரும். நாற்பது லேயர் இருந்தும் சேலையை மாற்ற நான்கு இடம் தேடி அலைய வேண்டும். மாறப்போவது எது என்று எண்ணிப் பிரித்தால், இந்த நான்கும் 'சேலையின் எதிரொளி' என்ற ஒரே லேயரில் ஒன்றாக இருக்கும். அதை எல்லா அடிநிறங்களுக்கும் நிழல்களுக்கும் மேலே, கோட்டுக்குக் கீழே வையுங்கள்; ஒளிபுகாமையைக் குறைத்து வையுங்கள். நிறம் மாற்றும் நாளில் அந்த லேயரில் ஆல்ஃபா பூட்டு, ஒரு வீச்சு பச்சை, முடிந்தது.

இந்த முறையில் உங்கள் டீக்கடைப் படத்துக்கு நான் போடக்கூடியவை இவை: மைக்கோடு, அதன் கீழ் ஆவி, சேலையின் எதிரொளி, பாட்டியின் குழுவில் நிழலும் அடிநிறப் பிரதியும், கடையின் குழுவில் அதேபோல் இரண்டு, தரை மினுக்கம், எல்லாவற்றுக்கும் அடியில் பூட்டிவைத்த அடிநிற மூலம். மொத்தம் ஒன்பது. பாய்லருக்குப் பின்னால் எரியும் மஞ்சள் பல்பைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. அதன் வெளிச்சத்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்ற தயக்கம் உங்களுக்கு இருந்தால் அதற்கும், மல்டிப்ளைக்கு எதிராக வெளிச்சமாக்கும் ஸ்கிரீன் முறையில் ஒரு லேயர் போட்டு, பத்தாக்கிக்கொள்ளுங்கள்.